பெயருக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு எழுத்து

போன வருடத்துக்கு முந்தைய வருடம், மே மாத விடுமுறையில் நடந்தது இது. தாம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு டென்னிஸ் கிளப்பில், பதினான்கு வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கான போட்டி. அதில் என் மகளின் பெயரும் இருந்தது. எப்படி அந்தப் பெயர் அங்கே வந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பம்மலில் சின்னதாக ஒரு ஃப்ளெக்ஸ் பிரின்டிங் கடை வைத்திருக்கிறேன். வீடு சிட்லபாக்கத்தில். காது குத்து, கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி என்று எந்த ஆர்டர் வந்தாலும் டிசைன் பண்ணுவதும் நான்தான், மெஷின் முன்னால் நிற்பதும் நான்தான். எங்கள் சொந்தத்தில் எனக்குக் காரியக்காரி என்று பெயர். தாம்பரம் ஸ்டேஷனில் டிக்கெட் கவுன்டரில் எவ்வளவு நீளமான க்யூ நின்றாலும், முன்னால் நிற்பவர்களில் தெரிந்த முகம் இருக்கிறதா என்றுதான் என் கண் தேடும். "அண்ணா, எனக்கும் ஒண்ணு சேர்த்து வாங்கிருங்க" என்றால் முடிந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. அப்போதெல்லாம் என் மகள் மட்டும் என்னை யாரென்றே தெரியாதவள் மாதிரி நாலடி தள்ளிப் போய் நின்றுகொள்வாள்.

எட்டு வயதிலிருந்து அவள் டென்னிஸ் ஆடுகிறாள். விடிந்தும் விடியாமலும் ஸ்கூட்டரில் கீழ்க்கட்டளைக்குக் கூட்டிப்போய், பயிற்சி முடியும்வரை வேலிக்கு வெளியே உட்கார்ந்திருந்து, திரும்பக் கொண்டுவந்து ஸ்கூலில் விட்டுவிட்டுத்தான் கடையைத் திறப்பேன். இந்தப் போட்டிகளில் ஒரு கணக்கு இருக்கிறது. ரேங்கிங்கில் முன்னால் இருக்கும் பிள்ளைகள் நேராக மெயின் டிரா எனப்படும் முக்கிய ஆட்டங்களுக்குப் போய்விடுவார்கள். மற்றவர்கள் சனி, ஞாயிறு தகுதிச் சுற்று ஆடி, அதில் ஜெயித்து உள்ளே வர வேண்டும். என் மகள் இரண்டு வருடமாகத் தகுதிச் சுற்றோடு திரும்பி வந்துகொண்டிருந்தாள். மெயின் டிராவில் அவள் ஒரே ஒரு ஆட்டமாவது ஆடி நான் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு அப்படி ஒரு ஆசை. அவளுக்கும் அதே ஆசைதான். வாய்விட்டுச் சொல்ல மாட்டாள்.

உள்ளே போக இன்னொரு வழி உண்டு. அதற்கு வைல்டு கார்டு என்று பெயர். போட்டியை நடத்தும் கிளப், ரேங்கிங் எதுவும் பார்க்காமல், தன் விருப்பப்படி நாலு பேரை நேராக மெயின் டிராவில் சேர்த்துக்கொள்ளலாம். விதியிலேயே அதற்கு இடம் இருக்கிறது.

அந்தக் கிளப்பின் பேனர் வேலை எல்லாம் என் கடைக்குத்தான் வரும். அந்த வருடமும் டிசைனைச் சரிபார்க்கச் செயலாளர் நேரில் வந்தார். பேச்சோடு பேச்சாக மகளைப் பற்றிச் சொன்னேன். நான் கேட்டு முடிப்பதற்குள், "அதுக்கென்ன மேடம், ஒண்ணு காலியாத்தான் இருக்கு, போட்டுரலாம்" என்றுவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் கேட்காமலே வாசல் பேனரை இரண்டு அடி கூட்டி அடித்துக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து, "கிளப்லேருந்தே உன்னை செலக்ட் பண்ணியிருக்காங்கடீ" என்றேன். கோச் சொல்லித்தான் கிடைத்தது என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். நான் மறுக்கவில்லை. அன்று சாயந்திரம் முழுக்கத் துள்ளிக்கொண்டு திரிந்தாள். ராக்கெட் பிடிக்குப் புதுசாக டேப் சுற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பேனர் கட்டக் கிளப்புக்குப் போனபோது அவளும் வந்தாள். தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், என் மகள் வயதுதான், மூன்றாவது செட்வரை இழுத்துப் பிடித்து ஆடிக் கடைசியில் தோற்றுப்போனாள். வெயிலில் மூன்று மணி நேரம். தண்ணீர்த் தொட்டி நிழலில் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கு அவள் அம்மா ஒரு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். என் மகள் போய்த் தன் ஐஸ் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ பேசிக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது ஸ்கூட்டரின் பின்னாலிருந்து சொன்னாள். "அந்தப் பொண்ணு நாளைக்குக் காலைல வெயிட்டிங் லிஸ்ட்ல கையெழுத்து போடப் போறாம்மா. மெயின் டிரால யாராவது வரலன்னா அவளுக்குத்தான் ஃபர்ஸ்ட் சான்ஸாம்." பாவம் என்று சொல்லிவிட்டு நான் சிக்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயந்திரம் மெயின் டிரா பட்டியல் என் போனுக்கு வந்தது. அதைப் பெரிய ஃப்ளெக்ஸாக அடித்து மறுநாள் காலை கிளப்பில் மாட்ட வேண்டும். முப்பத்திரண்டு பெயர்கள். வைல்டு கார்டில் வந்த நாலு பேரின் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் டபிள்யூ, சி என்று இரண்டு எழுத்து இருந்தது; பழைய கழிப்பறைக் கதவுகளில் எழுதியிருக்குமே, அதே எழுத்து. அதைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. முந்தின போட்டியில் அப்படி எழுத்துப் போட்டிருந்த ஒரு பெண்ணைப் பார்த்து இரண்டு பையன்கள், "வெஸ்டர்ன் டாய்லெட் வருது, வழி விடுங்கடா" என்று சொல்லிச் சிரித்தது என் காதில் விழுந்திருந்தது. என் பெண்ணை அப்படி யாராவது சொன்னால் நான் தாங்குவேனா? கர்சரைக் கொண்டுபோய் அவள் பெயர் பக்கத்தில் வைத்து இரண்டு எழுத்தையும் அழித்தேன். ஒரு நிமிட வேலைகூட இல்லை. பெயர் இப்போது பளிச்சென்று இருந்தது.

திங்கட்கிழமை காலையில் கிளப் வாசலில் அந்த ஃப்ளெக்ஸை நானே மாட்டினேன். பிள்ளைகள் கூட்டமாக வந்து பார்த்தார்கள். என் மகள் கிட் பையைத் தோளில் போட்டபடி அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"ம்மா, மத்த மூணு பேருக்கும் டபிள்யூ சி இருக்கு. எனக்கு மட்டும் காணோம்."

"பிரின்டிங் மிஸ்டேக்கா இருக்கும்."

"நீ பிரின்டிங் மிஸ்டேக் பண்ணி நான் பார்த்ததே இல்லயே."

இத்தனை வருடத் தொழிலில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு, கிடைக்கக் கூடாத நேரத்தில் கிடைத்தது. நான் முழித்த முழியிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. "கோச் சார் சொல்லிக் கிடைச்சதா, நீ கேட்டு வாங்கினதா?" என்றாள். அதற்கு மேல் என்னால் மழுப்ப முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிவிட்டு, இது ஒன்றும் திருட்டு இல்லை, விதியில் இருக்கிறது, எல்லோரும் செய்வதுதான் என்று வேகவேகமாகச் சமாதானமும் சொன்னேன்.

அவள் பட்டியலில் டபிள்யூ சி போட்டிருந்த இன்னொரு பெயரைத் தொட்டுக் காட்டினாள். "அந்த உயரமான அக்காவுக்கும் வைல்டு கார்டுதான். கை உடைஞ்சு ஆறு மாசம் ஆடாம இருந்து ரேங்கிங் போயிடுச்சு. அவங்களுக்குக் குடுத்தது கரெக்ட்தான். எனக்கு எதுக்கும்மா குடுத்தாங்க, பேனருக்கா?" என்று கேட்டாள்.

ஏற்கெனவே இறுக்கிக் கட்டியிருந்த ஃப்ளெக்ஸ் கயிற்றை இன்னொரு முறை இழுத்துக் கட்டினேன். எப்பேர்ப்பட்ட வாடிக்கையாளரையும் பேசிச் சமாளிக்கிறவள் நான்.

அவள் ஸ்கோர் எழுதும் மேஜைக்குப் போய் ஒரு மார்க்கரை எடுத்து வந்தாள். எல்லோரும் பார்க்க, அந்த ஃப்ளெக்ஸில் தன் பெயருக்குப் பக்கத்தில் தானே அந்த இரண்டு எழுத்தை எழுதினாள். அதோடு விடுவாள் என்று பார்த்தால், நேராகப் போட்டி நடுவரிடம் போய், தான் விலகிக்கொள்வதாகச் சொன்னாள். நான் பின்னாலேயே ஓடினேன். "சின்னப் பொண்ணு, ஏதோ கோவத்துல பேசறா மேடம், அவ ஆடுவா" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அந்த நிமிடத்தில் எனக்கு அவள் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இரண்டு வருட ஆசை, கைக்கு எட்டியது, இவள் தானாகத் தட்டிவிடுகிறாளே!

நடுவர் அம்மா என்னைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார். "கடைசி நேரத்துல விலகினா உன் பேர்ல ஒரு குறிப்பு விழும்மா. யோசிச்சுட்டியா?" என்றார். "யோசிச்சுட்டேன் மேடம்" என்றாள். காரணம் கேட்டதற்கு, "இது என் இடம் இல்ல மேடம்" என்று மட்டும் சொன்னாள். அவர் பேனாவை எடுத்துத் தன் தாளில் குறித்துக்கொண்டார். அப்புறம் எழுந்து வந்து ஃப்ளெக்ஸில் அவள் பெயரை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, மேலே தூத்துக்குடிப் பெண்ணின் பெயரை எழுதினார்.

காலை ஏழு மணியிலிருந்தே முழு உடுப்போடு ராக்கெட்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள் அந்தப் பெண். பெயரைக் கூப்பிட்டதும் அவள் கோர்ட்டுக்கு ஓடிய ஓட்டம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அவள் அம்மாவுக்கு என்ன நடந்தது என்று தெரியாது. எங்கள் பக்கம் வந்து, "யாரோ ஒரு பிள்ள வரலையாம்லா. அது எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்" என்றார். பிறகு என் மகளிடம், "ஒனக்கு எப்பம்மா ஆட்டம்?" என்று கேட்டார்.

"எனக்கு இன்னைக்கு இல்ல ஆன்ட்டி" என்றாள் என் மகள்.

அவ்வளவுதான் சொன்னாள். என் கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அந்த அம்மாவிடம், இதோ இவள்தான் அது, இவள் என் பெண் என்று சொல்லிவிட நாக்குத் துடித்தது. மகள் என் முழங்கையை லேசாகக் கிள்ளினாள். அடக்கிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் வாயை அடக்கிய தருணங்கள் ரொம்பக் குறைவு.

அந்தப் பெண் முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டாள், அதுவும் சுலபமாகவே. என் மகள் கடைசிப் புள்ளிவரை வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று கை தட்டினாள். சாயந்திரம் வீட்டில் நடந்ததைச் சொன்னபோது என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "உன் வயித்துல பொறந்துட்டு க்யூல நிக்கணும்னு சொல்லுதே, ஆஸ்பத்திரில மாத்திக் குடுத்துட்டாங்களோ" என்றார். சிரித்து முடித்துவிட்டு அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

செயலாளருக்கு வருத்தம் இருந்திருக்கும், ஆனாலும் மறு வருடமும் பேனர் வேலை என் கடைக்கே வந்தது. அந்த முறை நான் அவரிடம் வேலையைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. என் மகள் சனிக்கிழமை ஒரு ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆட்டம் ஆடினாள். இரண்டாவது ஆட்டம் மூன்று செட். முடிந்து வெளியே வந்தபோது முட்டியில் சிராய்ப்பு, முகமெல்லாம் உப்பு. ஜெயித்துவிட்டாள். நான் துண்டை எடுத்து நீட்டினேன். அவள்தான் பேசினாள்.

தகுதிச் சுற்றில் ஜெயித்து வருகிறவர்களின் பெயருக்குப் பக்கத்தில் ஒரே ஒரு ஆங்கில எழுத்துப் போடுவார்கள். அந்த எழுத்து க்யூ. "பார்த்துக்கோம்மா, க்யூல நின்னு வந்திருக்கேன்" என்றாள்.

அன்று சாயந்திரம் கடையில் தனியாக உட்கார்ந்து பட்டியலை டிசைன் பண்ணினேன். அவள் பெயரும் பக்கத்தில் அந்த எழுத்தும் வந்தபோது கை சும்மா இருக்கவில்லை. யாருக்கும் தெரியாது என்று அந்த ஒரு எழுத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கினேன். பெரிதாக்கி, ஆசை தீரப் பார்த்தேன். பிறகு அதை மற்றப் பிள்ளைகளின் எழுத்து இருந்த அதே அளவுக்குக் குறைத்து பிரின்ட் கொடுத்தேன். இன்றைக்கும் டிக்கெட் கவுன்டரில் தெரிந்த முகம் ஏதாவது முன்னால் திரும்பிப் பார்த்தால் சிரித்துத் தலையாட்டிவிட்டு, என் முறை வரும்வரை என் மகளின் பக்கத்தில்தான் நிற்கிறேன். அவளும் இப்போதெல்லாம் தள்ளி நிற்பதில்லை.