கினியின் கண்

சூறாவளி எங்கள் வீட்டுக் கூரையைக் கொண்டுபோன பிறகு, சில மாரிகளை நாங்கள் தென்னோலைக் கிடுகுக்குக் கீழேயே கழித்தோம். ஓடு போட வேண்டும் என்பதற்காகத்தான் என் மனைவி சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அது அவளுடைய வீடு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. மாப்பிள்ளை அதில் வந்து குடியிருப்பவன். நான் கல்முனைக் கடைத்தெருவில் ஒரு புடவைக் கடையில் நின்றேன். பெருநாள் காலத்தைத் தவிர மற்ற நாட்களில், அங்கே துணி கிழியும் சத்தத்தைவிட முதலாளியின் பெருமூச்சுத்தான் அதிகம் கேட்கும்.

"நான் போகட்டா?" என்று அவளிடம் ஒருமுறை கேட்டேன்.

"புடவை கிழிச்சுக் குடுக்கிற ஆளுக்கு அங்க என்ன வேலை கிடக்கு? இப்ப பொம்புளைகளுக்குத்தான் விசா வருது."

கோபமாகச் சொல்லவில்லை. அரிசி களைந்துகொண்டே சொன்னாள்.

பாஸ்போட் அலுவலாகக் கொழும்புக்குப் போனவள், திரும்பி வரும்போது துளை போட்ட அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தாள். உள்ளே மண்ணிறமும் வெள்ளையுமாக ஒரு சின்ன உயிர் இருந்தது. எலி மாதிரி, ஆனால் வால் இல்லை. முயல் மாதிரி, ஆனால் காது சிறியது. ஏழு வயது மகள் பெட்டியை விட்டு நகரவே இல்லை.

"கினி பிக் எண்டு வித்தவன் சொன்னான்," என்றாள் மனைவி.

அதே வளவில் குடியிருந்த அவளுடைய தங்கை, பள்ளியில் கொஞ்சம் இங்கிலீஷ் படித்தவள், 'பிக்' என்றால் பன்றி என்று பதறிப்போனாள். "அல்லாஹ்வே! ராத்தா, பண்டியையா வீட்டுக்குள்ள கொண்டந்த?"

விஷயம் பள்ளிவாசல் லெப்பை வரைக்கும் போயிற்று. அவர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இது புல்லுத் தின்னுற சாதி. அந்தப் பேர்ல பாதியக் கழட்டிப் போட்டுட்டு வளருங்க," என்றார். அப்படித்தான் அது கினி ஆயிற்று.

மனைவி போகும் நாளில் மகளை மடியில் வைத்துக்கொண்டு, "நான் வாற வரைக்கும் இதப் பாத்துக்கங்க மகள்," என்றாள். மகள் தலையாட்டினாள். பஸ் புறப்பட்ட பிறகும் ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

கினிக்கு ஒரு பழைய தேயிலைப் பெட்டியைக் கம்பிவலை அடித்து வீடாக்கிக் கொடுத்தேன். அறுகம்புல்லும் கங்குன் கீரையும் தின்னும். என் சைக்கிளை முற்றத்தில் நிறுத்தும் சத்தம் கேட்டால் விசில் அடிப்பது போலக் கத்தும். மனைவி முதலாவதாக அனுப்பிய சாமான், கசற் போட்டுக் குரல் பதியும் டேப் ரெக்கோடர் ஒன்று. ஊருக்கு லீவில் வருகிறவர்கள் அவள் பேசிய கசற்றைக் கொண்டுவருவார்கள். நாங்கள் பேசியதைத் திரும்பக் கொண்டுபோவார்கள். "கினிட சத்தத்தையும் புடிச்சு அனுப்புங்க," என்று ஒன்றில் சொல்லியிருந்தாள். வீட்டுச் சத்தங்களிலே அவள் கேட்டது அது ஒன்றைத்தான்.

அந்தப் போகம் வெட்டி முடிந்த நேரம், மாவடிப்பள்ளிப் பக்கமிருந்து வந்த வண்டியில் ஒரு கட்டு வைக்கோல் வாங்கிப் பெட்டிக்குள் விரித்தோம். புது வைக்கோல், ஊசி போல விறைப்பாக இருந்தது. அடுத்த நாள் நான் கடையால் வந்து சைக்கிளை நிறுத்தியபோது கினி கத்தவில்லை. மகள் பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்தாள்.

"வாப்பா, கினி கண்ணத் திறக்குதில்ல."

தூக்கிப் பார்த்தேன். ஒரு கண் இறுக மூடியிருந்தது. இமையைச் சுற்றி மயிர் நனைந்து ஒட்டிக்கிடந்தது. விரலால் இமையை மெல்ல விரித்தபோது, கருவிழிக்கு மேலே ஆவி படிந்த கண்ணாடி போல ஒரு மங்கல் தெரிந்தது. அது உதறிக்கொண்டு என் சேட்டுக்குள் முகத்தைப் புதைத்தது.

மிருக வைத்தியரின் கந்தோருக்குக் கொண்டுபோனேன். வாசலில் இரண்டு மாடுகளும் ஒரு எருமைக் கன்றும் நின்றன. என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்துக் கூட்டம் சிரித்தது. வைத்தியர் இறக்காமம் ஊருக்கு மாடுகளுக்கு ஊசி போடப் போயிருந்தார். திரும்பிவிட்டேன். மறுநாள் முதலாளியிடம் சொல்லிவிட்டு மறுபடியும் போனேன். நடுத்தர வயதான வைத்தியர் சிரிக்கவில்லை. ஜன்னலைச் சாத்தி, சின்ன டோர்ச் லைட்டை அடித்துக் கவனமாகப் பார்த்தார்.

"வைக்கோல் குத்தியிருக்கு. கருவிழி கீறுப்பட்டுட்டு. இந்த மருந்து மனிசருக்குப் போடுறதுதான், ஒரு நாளைக்கு நாலு தரம் போடுங்க. முதல்ல கொதிச்சாறின தண்ணில கொஞ்சம் உப்புப் போட்டுக் கழுவோணும். வைக்கோல எடுத்துட்டுப் பழந்துணி விரிங்க. வெளிச்சத்தில வைக்காதங்க."

"கண் தப்புமா டொக்டர்?"

"சொல்ல ஏலாது. ஆனா ஒண்டு, சாப்பிடாம இருக்க உடாதங்க. இதுகள் கண்ணால சாகாது. தின்னாம இருந்துதான் சாகும்."

அன்றிலிருந்து எங்கள் வீடு அந்தக் கண்ணைச் சுற்றியே நடந்தது. காலையில் நான் கடைக்குப் போகுமுன் ஒருமுறை, பகல் சாப்பாட்டுக்கு வந்து ஒருமுறை, பின்னேரம் ஒருமுறை, மகள் படுக்கப் போகுமுன் ஒருமுறை. மகள் அதைப் பழைய சேலைத் துண்டில் சுற்றி, தலை மட்டும் வெளியே தெரிய மடியில் வைத்துக்கொள்வாள். நான் முன்னால் இருந்து, பஞ்சை உப்புத் தண்ணீரில் தோய்த்து, ஒட்டிய பீளையைக் கரைத்து எடுப்பேன். இமையை இழுத்து நெல்மணியளவு களிம்பு வைப்பேன். ஒருமுறை ட்யூபின் முனை கண்ணில் பட்டுவிட்டது. அது போட்ட சத்தத்தில் மகளும் அழுதாள்.

"மெதுவா வாப்பா. அதுக்கு நீங்க வாறது தெரியல. சொல்லிட்டுத் தொடுங்க."

பிறகு நான் சொல்லிவிட்டுத்தான் தொட்டேன். "கினி, வாப்பா வாறன்" என்று ஒரு வளர்ந்த மனிதன் முற்றத்தில் இருந்து சொன்னதை வேலிக்கு அப்பால் யாரோ கேட்டிருக்க வேண்டும். தேத்தண்ணிக் கடையில் ஒருவன் என் காதுபடச் சொன்னான்: "பொண்டாட்டிய அரபியிட வீட்டுக்கு அனுப்பிப்போட்டு, ஆள் இஞ்ச எலிக்கு மருந்து போடுறார்." மற்றவர்கள் சிரித்தார்கள். தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கடைக்கு நான் போகவில்லை.

கினி தின்பதை நிறுத்தியது. அதுதான் பயமாக இருந்தது. மனைவியின் தங்கை கங்குன் இலையை அம்மியில் அரைத்துத் தந்தாள். அவளுடைய கைப்பிள்ளைக்கு மருந்து பருக்கும் சொட்டுக்குழாயால் அதன் கடைவாயில் துளித்துளியாக விட்டோம். பாதி என் சாரத்தில்தான் வழியும். மகள் பள்ளியால் வந்ததும் சோறு தின்னாமல் அதற்குத்தான் முதலில் கொடுப்பாள்.

அந்தக் கிழமை ஊருக்கு வந்திருந்த ஒருவர் சவூதிக்குத் திரும்புவதாக இருந்தது. கசற் கொடுக்க வேண்டும். மகளை டேப்புக்கு முன்னால் இருத்தினேன். கினியின் கண்ணைப் பற்றிச் சொல்லவேண்டாம், உம்மா அங்கே தனியாக இருந்து கவலைப்படுவா என்று மச்சி, மனைவியின் தங்கை, சொல்லியிருந்தாள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. மகள் ஸலாம் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் பாட்டுப் பாடியதைச் சொன்னாள். பிறகு கினியின் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"உம்மா, கினிக்குக் கண் நோகுது. தின்னுதில்ல. சத்தம் போடுதும் இல்ல. அதான் புடிச்சு அனுப்ப ஏலாமக் கிடக்கு. நீங்க வந்தா நல்லம்."

நான் டேப்பை நிறுத்தவில்லை. கசற் அப்படியே போயிற்று.

நாட்கள் போகப் போக மங்கல் வெண்மையானது. வெந்த சோற்றுப் பருக்கை போலக் கண் முழுக்க வெள்ளையாகிவிட்டது. பிறகு மெல்லமெல்லச் சுருங்கி உள்ளே போனது. வைத்தியரிடம் மீண்டும் கொண்டுபோனபோது அவர் பெருமூச்சு விட்டார். "வெட்டி எடுக்க மயக்க மருந்து தாங்காது. பீளை கட்டாமத் துடைச்சுத் துடைச்சு வைங்க. நோவு குறைஞ்சிட்டெண்டா தின்னும்."

அவர் சொன்னது போல ஒரு காலை அது தானாகவே ஒரு அறுகம்புல்லை இழுத்து மென்றது. மகள் ஓடிவந்து என்னைக் கூட்டிப்போய்க் காட்டினாள். இரண்டு பேரும் பக்கத்தில் குந்தி, அது மெல்வதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இமைகள் ஒன்றோடொன்று ஒட்டி, அந்த இடம் தைத்துவிட்ட கிழிசல் போல இருந்தது. சந்தோஷப்படலாமா என்று கேட்பது போல மகள் என் முகத்தைப் பார்த்தாள்.

மனைவியின் பதில் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து நெடுநாளாகிவிட்டது. அந்தக் கசற் முழுக்கக் கினியின் கண்தான்.

"கண்ணீர் வடியிறது இதுக்குள்ள நிண்டிருக்கும், இன்ஷா அல்லாஹ். நிக்காட்டி இப்படிச் செய்ங்க. நந்தியாவட்டைப் பூவ ராவைக்குத் தண்ணில போட்டு வெச்சு, விடிய அந்தத் தண்ணியால கழுவுங்க. தங்கச்சிட்ட ரெண்டு சொட்டுப் பால் வாங்கி உடுங்க. மகள் மடியில வெச்சுப் புடிக்கணும். வாப்பா புடிச்சாப் பயப்படும்."

அந்த இடத்தில், தூரத்து அறையிலிருந்து ஒரு பெண் குரல் அரபியில் அதட்டிக் கூப்பிட்டது. டக் என்று டேப் நின்றது. திரும்பத் தொடங்கியபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. எங்கே விட்டாள் என்பது மறந்துபோய், நந்தியாவட்டைப் பூவிலிருந்தே மறுபடியும் சொல்லத் தொடங்கினாள்.

கேட்டு முடிந்ததும் மகள் எழுந்து வெளியே போனாள். பூவுக்குத்தான் போகிறாள் என்று நான் நினைக்கவில்லை. நான்கு வீடு தள்ளியிருந்த வளவிலிருந்து கை நிறைய ஆய்ந்து வந்து கோப்பைத் தண்ணீரில் போட்டாள்.

"மகள், கண்தான் இல்லையே இப்ப."

"உம்மா சொன்ன."

காலையில் அந்தத் தண்ணீரால் மூடிய இமையைக் கழுவினாள். பிறகு தேக்கரண்டியை எடுத்துக்கொண்டு உம்மாவின் தங்கையான சாச்சியிடம் போனாள். மச்சிக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கரண்டியில் பீய்ச்சிக் கொடுத்தாள். திரும்பியபோது அவள் கண் கலங்கியிருந்தது. மகள் சிந்தாமல் நடந்துவந்து, ஒட்டிப்போன இமையின் மேல் சொட்டுச் சொட்டாக விட்டாள். கினி அசையாமல் இருந்தது. பால் மயிரில் வழிந்து துணியில் இறங்கியது. நான் கடைக்குப் போகச் சைக்கிளை எடுத்தேன். போக மனம் வரவில்லை.

ஒரு கண்ணோடு கினி அடுத்த மாரி வரைக்கும் இருந்தது. குருட்டுப் பக்கமாக யாரும் நெருங்கினால் துள்ளி விழும். ஒரு மழைநாளில் பெட்டியின் மூலையில் விறைத்துக் கிடந்தது. கண்ணால் அல்ல, குளிரால் என்றுதான் நினைக்கிறேன். கசற்றில் அதையும் மகளே சொன்னாள்.

மனைவி ஒப்பந்தம் முடிந்து வந்தபோது மெலிந்திருந்தாள். மகள் முதலில் அவளிடம் போகவில்லை; கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். கூப்பிட்டால் வந்தாள், விட்டால் போனாள். ஓடு போட்டு முடிந்த கிழமை, பகல் சோற்றுக்கு இருந்தபோது மனைவி திடீரென்று கேட்டாள்.

"அது எந்தக் கண்?"

"இடது," என்றேன்.

"இல்ல வாப்பா, வலது," என்றாள் மகள். "நீங்க முன்னுக்கு இருந்து பாத்த. நான்தானே மடியில வெச்சிருந்த."

யோசித்தபோது அவள் சொன்னதுதான் சரி. மனைவி சோற்றைப் பிசைவதை நிறுத்தியிருந்தாள்.

"நானும் இடது எண்டுதான் நினைச்சிட்டு இருந்தன்," என்றாள். "அங்க தொழுதிட்டுத் துஆக் கேக்கக்குள்ள எல்லாம் அப்படித்தான் நினைச்ச."

ஓட்டுக்குப் பிறகு சுவர் பூச வேண்டியிருந்தது, கிணறு கட்ட வேண்டியிருந்தது. அவள் மறுபடியும் போனாள். அன்றைக்கு மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சோதனை. உம்மாவிடம் ஸலாம் சொல்லிவிட்டு, புத்தகங்களை எடுத்துக்கொண்டு வழமையான நேரத்துக்குப் போய்விட்டாள். நான் மட்டும் அவளுடைய பயணப் பெட்டியைச் சைக்கிளில் வைத்து உருட்டிக்கொண்டு, மனைவியோடு பஸ்ஸடிக்கு நடந்தேன்.