களத்துக் கேமரா அணைந்த கதை

குடவாசல் வட்டாரத்தில் கேமரா மாட்டுகிறவள் கனகா. ஆமாம், பொம்பளைதான். புருஷன் செந்தில்குமார் கேபிள் டிவி தொழிலைப் போட்டுவிட்டு மஸ்கட்டுக்குக் கிளம்பியபோது ஏணியையும் டிரில்லிங் மெஷினையும் விற்றுவிடச் சொன்னான். அவள் விற்கவில்லை, ஏறினாள். கடைத்தெருவில் நாலு பேர் அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்கள். "ஒருத்தர் ஏணியப் புடிங்க, மத்தவங்க போயி வேலையப் பாருங்க" என்றாள் மேலே இருந்தபடியே. அதோடு சிரிப்பு அடங்கிற்று. இன்று அந்தக் கடைத்தெருவில் பாதிக் கேமரா அவள் இழுத்த வயரில்தான் ஓடுகிறது. வாய் கொஞ்சம் நீளம்தான். நீளாமல் இந்த ஊரில் பிழைக்க முடியுமா என்ன?

பஞ்சநதத்தின் அரிசி மில்லிலும் கேமரா மாட்டியவள் அவளே. அவித்த நெல்லைக் காயப்போடும் களத்தைப் பார்க்கிற கேமரா மட்டும் சில வாரமாகப் படுத்தியது. படம் வரும், கோடு கோடாய் ஓடும், ஒரேயடியாக அணைந்துவிடும். பஞ்சநதம் ஆளனுப்பினார்.

அவள் போனபோது களத்தில் வேலை நின்றிருந்தது. அம்சம் துடைப்பத்தோடு ஓரமாக நின்றாள். அந்தக் களத்தில் நெல் கிண்டுகிறவள். நெல்லை மூட்டை பிடித்தபின் தரையில் ஒட்டிக்கிடக்கும் மண் கலந்த நெல், கூட்டுகிறவளுக்குச் சொந்தம் என்பது மில் தொடங்கிய நாளிலிருந்து உள்ள வழக்கம். இந்த அறுவடையோடு அதை நிறுத்தப்போவதாகப் பஞ்சநதம் சொன்னார். முடியாது என்று நேருக்கு நேர் சொன்னவள் அம்சம் ஒருத்திதான். அன்றிலிருந்து அவர் கண்ணில் அவள் முள்ளாக உறுத்திக்கொண்டிருந்தாள்.

"மடியில கனம், அதான் வழியில பயம். கேமரா பாத்துடும்னு வயர அறுக்குறா" என்றார் பஞ்சநதம். நெல் திருட்டு என்று போலீஸில் எழுதிக் கொடுக்கப்போகிறாராம். வயர் அறுபட்டிருந்தது என்று கனகா வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம். தான் கட்டிக்கொண்டிருக்கும் கல்யாண மண்டபத்துக் கேமரா வேலை முழுக்க அவளுக்கே என்று தூண்டிலும் போட்டார்.

கனகாவுக்கு ஆசை இல்லை என்று யார் சொன்னது? மண்டப வேலை கிடைத்தால் ஒரு வருஷம் மூச்சுவிடலாம். முதலில் பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு ஏணியைச் சாத்தினாள்.

கேமராவைக் கழற்றி ஆபீஸுக்குக் கொண்டுபோய், ரெக்கார்டர் பெட்டியில் ஒரு குட்டை வயரால் சொருகிப் பார்த்தாள். படம் பளிச்சென்று வந்தது. கேமராவும் நல்லது, பெட்டியும் நல்லது, கோளாறு நடுவில்தான். வயரைக் கையால் உருவிக்கொண்டே களத்துக் கம்பம் வரை போனாள். எங்கும் வெட்டு இல்லை. கம்பத்து உச்சியில், வயரும் வயரும் சேர்கிற ஜாயின்ட்டைச் சுற்றி, எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்த திருஷ்டிக் கயிறு இறுக்கிக் கட்டியிருந்தது. பழசை அவிழ்க்காமல் அதன்மேலேயே புதுசு. அழுகிய பழத்தின் சாறு டேப்புக்குள் இறங்கியிருந்தது. பிரித்தால், செம்புக் கம்பி பச்சை பூத்துக் கையோடு உதிர்ந்தது.

இதை யார் கட்டியது என்று மேலிருந்தே கேட்டாள். லாரிக்கும் டிராக்டருக்கும் கட்டுவதுபோல் வெள்ளிக்கிழமைதோறும் தன் கையாலேயே கட்டியதாகப் பஞ்சநதம் பெருமையாகச் சொன்னார். ஊர்க்கண் படக்கூடாதாம். ஊரை வேவு பார்க்க ஒரு கண்ணை மாட்டிவிட்டு, அதன்மேல் ஊர்க்கண் படுமென்று பயம்! என்ன கூத்து இது?

கனகா இறங்கி வந்து கம்பியைக் காட்டினாள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சரி போவுது. இது நமக்குள்ள இருக்கட்டும். வயரு அறுபட்டிருந்துச்சுன்னு மட்டும் சொல்லு. மண்டபம் ஒனக்குத்தான்."

கனகாவுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. அவர் மெல்லப் பேசினால் அவளும் மெல்லப் பேச வேண்டுமா? களத்துக்கே கேட்கும்படி சொன்னாள்.

"வயர யாரும் அறுக்கலைங்க மொதலாளி. நீங்க கட்டுன எலுமிச்சம்பழந்தான் அரிச்சிருக்கு. போலீசு கேட்டாலும் இதைத்தான் சொல்லுவேன். மண்டபத்துக்கு வேற ஆளப் பாத்துக்குங்க."

களத்துப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். முகம் சுண்டிப்போன பஞ்சநதம், இனி இந்த மில்லில் காலடி வைக்காதே என்றார். இனி வைப்பதில்லை, ஆனால் தொட்ட வேலையை அரைகுறையாக விடுகிற பழக்கம் தனக்கு இல்லை என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி ஏறினாள். கெட்ட துண்டை வெட்டி எறிந்தாள். புது ஜாயின்ட் போட்டு, தண்ணீர் இறங்காத டப்பாவில் வைத்து மூடி, கேமராவை மாட்டினாள். செல்போனைத் திறந்து பார்த்தாள். களம் தெரிந்தது.

அம்சம் தான் கூட்டிக் குவித்த நெல்லை அள்ளி மடியில் கட்டினாள். நேராகக் கேமராவுக்குக் கீழே வந்து நின்றாள்.

"நல்லாத் தெரியிதா தங்கச்சி?"

"முகம், மடி எல்லாம் தெரியிதுக்கா."

அம்சம் அண்ணாந்து கேமராவைப் பார்த்தாள். "மடியில கனம் இருக்குதான். பயந்தான் இல்ல."

சொல்லிவிட்டு மில்லின் பெரிய வாசல் வழியாக நடந்தாள். கனகா ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் கூடவே போனாள்.