பத்துப் புளியங்கொட்டை

எனக்கு உதாரணம் காட்டத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க முழுசாக ஒரு தெரு தேவைப்பட்டது.

சென்னீர்குப்பத்தில் வீடு வீடாகப் போய், அரசு ஆஸ்பத்திரியில் எதற்கு முதலிடம் தரலாம் என்று ஜனங்களைக் கேட்கும் வேலை. தரையில் ஐந்து படங்களைப் பரப்புவேன்: பிரசவம், சர்க்கரை மாத்திரை, டயாலிசிஸ், தடுப்பூசி, கண் சிகிச்சை. கையில் பத்துப் புளியங்கொட்டை கொடுப்பேன். எது முக்கியமோ அதில் அதிகம் வைக்க வேண்டும். புரிவதற்காக ஒவ்வொரு வீட்டிலும் முதலில் நானே ஒரு தடவை வைத்துக் காட்டினேன். பிரசவத்துக்கு நான்கு, சர்க்கரைக்கு மூன்று, மற்றவற்றுக்கு ஒவ்வொன்று.

பதினேழு வீட்டிலும் அதே நான்கு, அதே மூன்று. ஊர் இவ்வளவு ஒற்றுமையாக இருக்கிறதே என்று எனக்குப் புல்லரித்துப் போனது.

மேற்பார்வையாளர் அம்மாவுக்குப் புல்லரிக்கவில்லை. "வீட்டுக்குப் போனீங்களா சார், இல்ல டீக்கடையில உக்காந்து எழுதினீங்களா?"

நான் கொட்டை வைத்துக் காட்டிய கதையைச் சொன்னேன். தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். முதல் வீட்டிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.

"இன்னா நைனா, நீ வெச்ச மாதிரியே தான வெச்சேன்? ஃபெயில் ஆக்கிட்டியா?" என்றார் அந்த வீட்டு அக்கா.

"ஃபெயிலானது நான்தான்க்கா. இந்த வாட்டி உங்க இஷ்டத்துக்கு வைங்க."

அவர் யோசிக்கவே இல்லை. பத்தையும் டயாலிசிஸ் படத்தின் மேல் கொட்டினார். உள்ளே கட்டிலில் படுத்திருந்த கணவருக்கு வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். இரண்டு பஸ் மாறி நகரத்துக்குப் போக வேண்டும். திரும்பும்போது அவரால் நிற்க முடிவதில்லை. போன வாரம் ஒரு தடவை போகாமலே விட்டுவிட்டார்களாம். பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கு மெஷின் வந்தால் பஸ்ஸே ஏற வேண்டாம்.

"அல்லாத்தையும் எனக்கே கொட்டிட்டியாமே? தெருவுல இன்னா நெனப்பாங்க?" என்றார் கணவர் கட்டிலிலிருந்து.

"நீ கம்முனு கெட."

பத்தையும் ஒரே படத்தில் வைக்கலாம் என்பதுதான் விதி. நான் குறித்துக்கொண்டு எழுந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் என் வாய் எனக்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்தது.

"மத்தவங்களுக்கும் ஒண்ணு ரெண்டு வைக்கலாமேக்கா?"

அவர் எதிர் வீட்டுக் கதவைக் கைகாட்டினார்.

"அவங்களுக்கு இன்னா வேணும்னு அவங்கள கேளு."