குகைக்கு அந்தப் பக்கம் மழை

சங்கரன்கோவில் ஸ்டேஷனில் காலை வண்டிக்காக நாங்கள் நின்றபோது, மேல்காற்று பிளாட்பாரத்துப் புழுதியை வாரி எங்கள் முகத்தில் இறைத்துக்கொண்டிருந்தது. ஆனி மாதம். எங்கள் பக்கத்தில் மழை பொய்த்து அது மூன்றாவது வருஷம். ஊருணி வெடித்துக் கிடந்தது. மேலநீலிதநல்லூர்ப் பக்கம் எங்களுக்கு இருந்த கரிசல் நிலத்தில், விதைத்த பருத்தி முளைக்கவே இல்லை. நான் வேலை பார்த்த பெண்கள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் குடிக்கத் தண்ணீர் வைக்க முடியாமல் ஒரு வாரம் லீவு விட்டிருந்தார்கள். அதனால்தான் என்னால் புறப்பட முடிந்தது.

என்னோடு வந்தவர் என் தகப்பனார். எங்கள் வீட்டில் அவரை ஐயா என்றுதான் கூப்பிடுவோம். தென்மலையில் இருக்கும் என் தங்கை செண்பகத்துக்கு எட்டாம் மாசம். தலைப்பிரசவத்துக்கு அவளை அழைத்துவரப் போகிறோம். முறைப்படி அம்மாதான் வந்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் தெருக் கிணற்றில் தண்ணீர் ஊற ஊற அகப்பையால் கோரி எடுக்க வேண்டியிருந்தது. இடத்தை விட்டு எழுந்தால் அன்றைய தண்ணீர் போய்விடும். "நான் இங்கன இருக்கேன். நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்று அம்மா சொல்லிவிட்டாள்.

எனக்கு உள்ளூர ஒரு ஆசையும் உண்டு. 'தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மோதி மழை பொழிகிறது' என்று ஐந்தாம் வகுப்புக்கு வருஷா வருஷம் பாடம் நடத்துகிறவள் நான். அப்படிப் பொழிவதை ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. அது எங்கள் ஊரிலிருந்து ஐம்பது மைலில் நடக்கிறது.

பாம்பக்கோவில் சந்தை தாண்டும் வரை வெளியே பார்க்க ஒன்றுமில்லை. கடையநல்லூரில் ஒரு ஜவுளி வியாபாரி ஏறினார். நடுத்தர வயது, தொப்பி, எண்ணெய்த்துணியில் இறுக்கிக் கட்டிய இரண்டு பெரிய மூட்டைகள். எதிரே உட்கார்ந்ததும் ஐயாவிடம், "அண்ணாச்சி எங்கன போறீய?" என்று கேட்டார்.

"தென்மலைக்கு. மகளைக் கூட்டிட்டு வர."

"கொடை வச்சிருக்கியளா?"

"இல்ல. எங்க வீட்டுல இருந்த கொடையை எலி கடிச்சே ரெண்டு வருசமாச்சி."

வியாபாரி சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னார்: "எங்க வாப்பா காலத்துல இருந்து இந்த வழியாத்தான் புனலூருக்குக் கைலி கொண்டு போறோம். இப்படி ஒரு மழையை அவுகளும் பாத்தது இல்லயாம். போன வாரம் போனவன், மூட்டையோட நனைச்சித் திருப்பிக் கொண்டாந்துட்டேன். இந்தத் தடவை அல்லா விட்ட வழி."

தம்முடைய மூட்டைக்கு மேலிருந்த கோணிச் சாக்கு ஒன்றை உருவி, அதன் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் செருகி, தலைக்குக் கவிழ்க்கும்படி கூடு மாதிரி செய்து ஐயாவிடம் நீட்டினார். ஐயா அதை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

தென்காசியில் வயல்கள் பச்சையாக இருந்தன. காற்றில் பன்னீர் தெளித்த மாதிரிச் சாரல். செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர்–கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. அங்கே சுங்கச் சிப்பந்தி ஒருவர் எங்கள் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். வண்டிக்குப் பின்னால் இன்னொரு எஞ்சினைக் கோத்தார்கள். பகவதிபுரம் கழிந்து மலை எங்களை நெருக்கிக்கொண்டு வந்தது. வெயில் மெலிதாக அடித்துக்கொண்டிருக்கும்போதே வண்டி குகைக்குள் நுழைந்தது. இருட்டு, கரிப்புகை, இருமல். எல்லோரும் முந்தானையையும் துண்டையும் மூக்கில் வைத்துக்கொண்டோம்.

குகை முடிந்தபோது வெளிச்சம் வரவில்லை. ஒரு கணம், வண்டி அருவிக்கு அடியில் போய் நின்றுவிட்டது என்றே நினைத்தேன். மழை கோடு கோடாக விழவில்லை, சுவராக நின்றது. கூரையில் விழுந்த சத்தத்தில் எஞ்சின் சத்தம் கேட்கவில்லை. "ஜன்னலை இறக்குங்க!" என்று பெட்டி முழுவதும் கத்தினார்கள். ஐயா மட்டும் எங்கள் ஜன்னலை இறக்க விடவில்லை. கையை வெளியே நீட்டி, உள்ளங்கையில் தண்ணீர் நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆரியங்காவு ஸ்டேஷன் வரை அந்தக் கையை உள்ளே எடுக்கவில்லை. அவருடைய சட்டை தோள்வரை நனைந்திருந்தது. வியாபாரி பார்த்தும் பாராததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அங்கிருந்து தென்மலை வரை மலைச்சரிவெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் தண்ணீர் இறங்கிற்று. பதின்மூன்று கண் பாலத்தில் வண்டி நடக்கிற வேகத்தில் ஊர்ந்தது. கீழே ஆறு செம்மண் நிறத்தில், முழு மரங்களைப் புரட்டிக்கொண்டு ஓடியது.

"இவ்வளவு தண்ணியும் எங்கன போவுது?" என்று ஐயா கேட்டார்.

"கடலுக்கு."

"கடலுக்கு இது என்னத்துக்கு?"

நான் டீச்சர்தான். இந்தக் கேள்வி எங்கள் பாடப் புத்தகத்தில் இல்லை.

தங்கை மாப்பிள்ளை சண்முகம் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். புளியங்குடிப் பிள்ளை. தென்மலையில் ஒரு மர டிப்போவில் கிளார்க். அவர்களுடைய வீடு டிப்போவுக்குப் பின்னால், மலைச்சரிவை வெட்டிக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று. உள்ளே போனதும் ஈர நாற்றம். உப்புச் சாடியில் உப்பு கரைந்து தண்ணீராக நின்றது. தீக்குச்சிகளை நெருப்புச் சட்டிக்குப் பக்கத்தில் பரப்பி வைத்திருந்தார்கள். சுவரில் மாட்டிய தோல்பெல்ட்டில் பச்சையாகப் பூஞ்சணம். செண்பகம் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தாள். அவள் விரல்கள் வெகுநேரம் துணி துவைத்தவை மாதிரிச் சுருங்கியிருந்தன.

டிப்போ முற்றத்தில் மழைமானி ஒன்று இருந்தது. தினமும் காலையில் அதை அளந்து எழுதுவது சண்முகத்தின் வேலைகளில் ஒன்று. நான் கேட்டதால் குடை பிடித்து அழைத்துப்போய்க் காட்டினார்.

"நேத்து உள்ளே இருக்கிற பாட்டில் நெறஞ்சி, வெளிப் பாத்திரமும் நெறஞ்சி, தரையில ஓடிட்டு மதினி. எவ்வளவுன்னு யாருக்குத் தெரியும்? 'வழிந்தது'ன்னு எழுதி வச்சிட்டேன்."

"மேலே இருக்கவங்க ஒத்துக்கிடுவாங்களா?"

"வந்து பாத்துக்கிடட்டும். வரத்தான் ரோடு இல்லயே."

மத்தியானம் சாப்பிட்டு முடிந்ததும் ஐயா புறப்பாட்டைப் பற்றிப் பேச்சை எடுத்தார். நாளைக் காலை வண்டிக்குப் போய்விடலாம் என்றார். செண்பகம் தட்டைக் கழுவிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்:

"நான் வரல ஐயா."

ஐயாவுக்குக் காதில் விழவில்லையோ என்று நினைத்தேன். விழுந்திருந்தது.

"மொதப் பிரசவம். அம்மை வீட்டுல பாக்காம வேற எங்கன பாப்பா?"

"அம்மை ஒரு கொடம் தண்ணிக்கு எவ்வளவு நேரம் கெணத்தடியில குத்த வச்சிருக்கான்னு எனக்குத் தெரியாதா? பிள்ளை பெத்தவளுக்கு எத்தனை கொடம் வேணும்? பிள்ளைத் துணி எத்தனை அலசணும்? அந்தத் தண்ணியையும் அம்மை தலையில வைக்கச் சொல்லுதியளா?"

ஐயா என்னைப் பார்த்தார். நான் எனக்குத் தோன்றியதைச் சொன்னேன்: "ஏட்டி, இங்கன அலசுவ, சரி. எங்கன காயப் போடுவ?"

அடுத்த வீட்டில் பிறந்து இருபது நாள்கூட ஆகாத ஒரு குழந்தை இருந்தது. துணி காயாததால் அடுப்புக்கு மேலே கொடி கட்டிப் புகையில் உலர்த்தினார்கள். அந்தக் குழந்தையின் இருமல் நாங்கள் வந்ததிலிருந்து சுவருக்கு அப்பால் கேட்டுக்கொண்டே இருந்தது. எங்கள் வீட்டில் துவைக்கத் தண்ணீர் இல்லை; இவள் வீட்டில் உலர்த்த வெயில் இல்லை. ஒரே மலையின் இரண்டு பக்கம்.

சண்முகத்துக்கு அவளை அனுப்பிவிட வேண்டும் என்றுதான் இருந்தது. வெட்டி அடுக்கிய மரங்களை ஆறு கொண்டுபோகாமல் சங்கிலி போட்டுக் கட்டுவதற்கே அவருக்குப் பகல் போதவில்லை. ஆனாலும் அவள் பிடிவாதத்துக்கு எதிரே அவரால் பேச முடியவில்லை.

முடிவு எங்கள் கையில் இல்லாமல் போயிற்று. சாயங்காலம் நாங்கள் நாலு பேரும் முன்னறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். பின்னால் பெரிய மூட்டை ஒன்று விழுந்த மாதிரிச் சத்தம். சண்முகம் ஓடிப்போய்ப் பார்த்தார். மலைச்சரிவு சரிந்து, அடுக்களைப் பின்சுவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்திருந்தது. சற்றுமுன் செண்பகம் உட்கார்ந்து காப்பி போட்ட இடத்தில் இடுப்பளவுச் சேறு. அடுப்பைக் காணவில்லை.

செண்பகம் வாசலில் நின்று அதைப் பார்த்தாள். அழவில்லை. "அக்கா, என் சேலை ரெண்டை எடுத்து வை" என்றாள்.

அன்று ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு காப்பிக்கடைக்காரர் வீட்டில் தங்கினோம். மறுநாள் காலை வண்டி வந்தது. ஆனால் இடப்பாளையம் வரைதான் போகுமென்றார்கள். அதற்கு மேலே தண்டவாளத்தில் மண் விழுந்து கிடந்தது. அந்தப் பக்கத்தில் இன்னொரு வண்டி நிற்கும். பயணிகள் நடந்துபோய் ஏறிக்கொள்ள வேண்டும். சண்முகம் டிப்போவை விட்டு வர முடியாது. வண்டி நகரும்போது அவர் ஐயாவிடம், "மாமா, பாத்து" என்று மட்டும் சொன்னார்.

இடப்பாளையத்தில் இறங்கி நடந்தோம். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். சின்னப் பிள்ளைகளும் மூட்டைகளுமாக ஐம்பது அறுபது பேர் வரிசையாகப் போனோம். ரயில்வே கூலி ஒருவர் தம் ஓலைத் தொப்பியைக் கழற்றிச் செண்பகம் தலையில் வைத்துவிட்டு, நனைந்துகொண்டே மண்ணை வெட்டப் போனார். ஐயா சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு முன்னால் நடந்தார். ஒவ்வொரு அடியையும் மிதித்து அழுத்திப் பார்த்துவிட்டு, "இங்கன வை மக்கா. இங்கன வை" என்று சொல்லிக்கொண்டே போனார். உழுத நிலத்தில் ஈரம் பார்த்துப் பழகிய கால். அவர் மிதித்த இடத்தில் அவள் மிதித்தாள். அவள் முதுகைத் தாங்கிக்கொண்டு நான் வந்தேன்.

சரிந்த மண்ணைக் கடக்கும் இடத்தில் செண்பகம் நின்றுவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. ஐயா திரும்பி வந்து, சாக்கை எடுத்து அவள் தோளைச் சுற்றிப் போர்த்தி, "வலியா?" என்று கேட்டார்.

"இல்ல ஐயா. உதைக்கி. ஓங்கி உதைக்கி."

ஐயாவின் முகத்தில் மழைத்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதில் வேறு எதுவும் கலந்திருந்ததா என்று நான் பார்க்கவில்லை.

அந்தப் பக்கத்து வண்டியில் ஏறி, ஈரத்தைப் பிழிந்துவிட்டு உட்கார்ந்தோம். ஆரியங்காவு, மறுபடி குகை, மறுபடி புகை. வெளியே வந்தால் வெயில்! பெட்டியில் யாரோ கைதட்டினார்கள். செங்கோட்டையில் வண்டி வெகுநேரம் நின்றது. பிளாட்பாரத்துக்கு அப்பால் ஒரு வீட்டின் முற்றம் தெரிந்தது. கொடியில் வேட்டி சேலையெல்லாம் படபடத்தன. சாரல் ஒரு பாட்டம் வந்தது. ஒரு பெண் ஓடிவந்து துணிகளை அள்ளினாள். கொஞ்ச நேரத்தில் வெயில் திரும்பியது. அவளே வந்து மறுபடி விரித்துவிட்டாள். அந்த முற்றத்திலேயே கிணறும் இருந்தது.

செண்பகம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து தன் பையை எடுத்தாள்.

"இங்கனயே எறங்கிக்கிடுவோம் ஐயா."

"இங்கன நமக்கு யாரு இருக்கா?"

"தண்ணியும் இருக்கு, வெயிலும் இருக்கு. ஆளு அம்மை வந்தா போதும்."

ஐயாவும் அந்த முற்றத்தைப் பார்த்தார். பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினார். எங்களை வெயிட்டிங் ரூமில் உட்கார வைத்துவிட்டு ஊருக்குள் போனவர், மத்தியானத்துக்குள் ஒரு வீடு பார்த்துவிட்டு வந்தார். நெல் வியாபாரி ஒருவருடைய பெரிய வீட்டின் பின்கட்டு, வரிசையாக அறைகள். "வீட்டுக்காரர் என்னென்னமோ கேட்டாரு. நான் ரெண்டே ரெண்டுதான் கேட்டேன். கெணத்துல தண்ணி வத்துமா, முற்றத்துல வெயில் விழுமா" என்றார்.

ஐயா ஊருக்குப் போய் மறுநாள் அம்மாவோடு வந்தார். அம்மா மகளைக் கட்டிப்பிடித்துவிட்டு, நேரே கிணற்றுக்குப் போனாள். வாளியை விட்ட மறு நிமிஷமே அது தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது. அம்மா திடுக்கிட்டுப் போய்க் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். இறைத்தாள். கட்டிய சேலையோடு அப்படியே தலையில் ஊற்றிக்கொண்டாள். இன்னொரு வாளி. இன்னொரு வாளி. "போதும்மா, காய்ச்சல் வரும்" என்று நான் சொல்லச் சொல்ல, கண்ணை மூடிக்கொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தாள். அவள் குளித்து எத்தனை மாதம் ஆகியிருந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அம்மாவை அங்கே விட்டுவிட்டு ஐயாவும் நானும் ஊர் திரும்பினோம். கடையநல்லூர் தாண்டியதும் பச்சை நின்றது. பாம்பக்கோவில் சந்தையில் புழுதி ஏறிவிட்டது. மலையில் அத்தனை மழையையும் கொட்டிவிட்டு வந்த அதே காற்றுதான் எங்கள் ஊரில் இப்படி வறண்டு வீசுகிறது என்று ஐயாவிடம் விளக்கினேன். அவர் ஜன்னலில் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "சொன்னா நம்ப முடியுதா?" என்றார்.

மறுநாள் அம்மாவின் இடத்தில் நான் கிணற்றடியில் உட்கார்ந்தேன். காத்திருந்த பெண்கள் மழையைப் பற்றிக் கேட்டார்கள். மழைமானி வழிந்தது, குகைக்கு அப்பால் தண்ணீர்ச் சுவர், அடுக்களைக்குள் வந்த மலை எல்லாம் சொன்னேன். வாயைப் பிளந்து கேட்டார்கள். சிலர் நான் கூட்டிச் சொல்லுகிறேன் என்று சிரித்தார்கள். என் தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கும் பொன்னுத்தாய் மட்டும் சிரிக்கவில்லை. கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் சிரங்கு. அதை மடியில் மாற்றிப் போட்டுக்கொண்டு கேட்டாள்:

"டீச்சர், அந்த வீட்டுல இன்னொரு ரூம் காலியா இருக்கா?"

அன்றைக்கே செங்கோட்டைக்குக் கார்டு எழுதினேன். ஆவணியில் செண்பகத்துக்குப் பெண் குழந்தை பிறந்தபோது, அந்தப் பின்கட்டில் எங்கள் தெருக்காரர்கள் மூன்று குடித்தனம் இருந்தார்கள்.