முகம் பார்க்காத ரூம்மேட்

இன்று சாயங்காலம், இரும்புலியூர் மாவுக் கடை. எனக்கு முன்னால் கம்பெனி யூனிஃபார்மில் ஒரு பெண்.

"புளிக்காத மாவா குடுங்கண்ணா. எனக்கில்ல, ரூம்மேட்டுக்கு. அவங்களுக்கு புளிப்பு ஆகாது."

"ரொம்ப நாள் பழக்கமா?" என்று கேட்டுவைத்தேன்.

"இன்னும் மூஞ்சியே பாத்ததில்லக்கா."

மறைமலை நகரில் இவளுக்குப் பகல் ஷிஃப்ட், அவளுக்கு இரவு ஷிஃப்ட். இவள் வருவதற்குள் அவள் பஸ் ஏறிவிடுவாளாம், அவள் திரும்புவதற்குள் இவள் கிளம்பிவிடுவாளாம். லீவும் வேறு வேறு நாள், லீவென்றால் அவரவர் ஊருக்குப் போய்விடுவார்களாம்.

"அப்புறம் புளிப்பு ஆகாதுன்னு எப்படித் தெரியும்?"

"புளிச்ச மாவு வாங்கி வெச்சா தொடவே மாட்டாங்க. அப்படியே இருக்கும். நான் வரும்போது எனக்கு ரெண்டு பக்கெட் தண்ணி புடிச்சு வெச்சிருப்பாங்க. எனக்கு முதுகு வலி, அதுவும் எப்படியோ தெரிஞ்சிகினாங்க."

மாவோடு போய்விட்டாள். ரூம்மேட் என்றால் ஒன்றாக இருப்பவர்கள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"உங்களுக்கு புளிச்சதா, புளிக்காததாக்கா?" என்றார் கடைக்கார அண்ணன்.

எங்கள் வீட்டுக்காரருக்கு எது பிடிக்கும் என்று தெரியவில்லை. போன் போட்டுக் கேட்டேன்.

கல்யாணமாகி இருபது வருஷம், ஒரே வீடு. எங்களை என்னவென்று சொல்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.