காலிக் கூடையில் எரிந்த சிவப்பு விளக்கு

இதைப் படித்துவிட்டு யாரும் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம். நம்புங்கள் என்று கெஞ்சவும் மாட்டேன். நான் வேதியியல் படித்தவள். போன வருடம் மார்ச் மாதம், நெல்லித்தோப்பில், எங்கள் வீட்டுச் சமையலறையில், பட்டப்பகலில் நடந்தது இது. நேரங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். ஆய்வகத்தில் வந்த பழக்கம்.

அம்மாவுக்கு நாக்கில் புற்றுநோய். கதிர்வீச்சு கொடுத்தார்கள். மூன்றாவது வாரம் வாய் முழுக்கப் புண். பேச முடியாது. வேண்டியதை நோட்டில் எழுதிக் காட்டுவார். "சின்னச் சின்ன ஐஸா வாயில வெச்சுக்கட்டும். எரிச்சல் அடங்குனா கஞ்சி எறங்கும். எறங்கலன்னா மூக்குல டியூப்தான்" என்றார் நர்ஸ். டியூப் என்றதும் அம்மா நோட்டில் 'வேண்டாம்' என்று எழுதினார்.

ஃபிரிட்ஜ் ஐஸின் முனை புண்ணில் குத்தியது. நெல்சன் அண்ணன் இங்கேயே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறான். கூட வேலை செய்யும் கலைச்செல்வன் என்பவரிடமிருந்து ஒரு ஐஸ் மேக்கரை வாங்கி வந்தான்.

"அவங்க வீட்ல சும்மாதான் கெடக்குதாம். எடுத்துட்டுப் போன்னாரு."

பெரிய குக்கர் அளவுதான். மேலே மூடி. உள்ளே ஒன்பது உலோக விரல்கள். தண்ணீரில் முங்கும். எட்டு நிமிடத்தில் அவற்றைச் சுற்றி ஐஸ் பிடித்து, கழன்று, கூடையில் விழும். உருண்டையான, முனையில்லாத ஐஸ். மார்ச் 6ஆம் தேதி முதல் துண்டை அம்மா வாயில் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டார். அன்று அரை டம்ளர் கஞ்சி இறங்கியது.

உதவிக்கு வந்திருந்த பெர்னதெத் அத்தைக்குத்தான் பொறுக்கவில்லை.

"பச்ச ஒடம்புல ஐஸா? சளி கட்டிக்கினா யாரு பாக்கறது? பி.எஸ்சி. படிச்சிட்டா நீ டாக்டரா?"

எனக்குச் சத்தமாகப் பேச வராது. பதில்கள் உள்ளேயே கொதிக்கும். வெளியே வராது.

11ஆம் தேதி ஐஸ் மெலிந்து, தாள் மாதிரி விழுந்தது. தொட்டியில் வெள்ளைப் படிவு. கேன் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தேன். அத்தை உப்பேறிய போர் தண்ணீரை ஊற்றியிருந்தார். "தண்ணி தண்ணிதானே?" என்றார். எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், இரண்டு ஸ்பூன் எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து அரைமணி நேரம் வைத்தேன். அடியிலுள்ள மூடியைத் திறந்து வடித்தேன். இரண்டு முறை அலசினேன். சரியானது. காரணம் தெரிந்த கோளாறு. அதன்மேல் எனக்குக் கோபம் வராது.

12ஆம் தேதி, புதன்கிழமை. மதியம் 2:40.

இயந்திரம் நின்றுவிட்டது. சிவப்பு விளக்கு எரிந்தது. கூடை நிறைந்துவிட்டது என்று அர்த்தம்.

கூடை காலி.

கூடையின் இரு பக்கமும் இரண்டு சின்ன சென்சார் கண்கள் உண்டு. நடுவில் ஏதாவது மறைத்தால்தான் அந்த விளக்கு எரியும். கண்களைத் துடைத்தேன். வெயில் படாத இடத்துக்கு நகர்த்தினேன். கூடையையே கழற்றினேன். பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடம் காத்திருந்து மறுபடி போட்டேன்.

விளக்கு எரிந்தது.

சர்வீஸுக்குப் போன் செய்தேன்.

"கண்ண தொடச்சீங்களா மேடம்?"

"தொடச்சேன்."

"மறுபடியும் தொடைங்க." வைத்துவிட்டார்.

உள்ளறையில் அம்மா ஸ்பூனால் டம்ளரைத் தட்டினார். டங்... டங்... ஐஸ் வேண்டும்போது அப்படித்தான் கூப்பிடுவார். டங்... டங்... டங்... எனக்குத் தலைக்கு ஏறியது. அத்தை, சர்வீஸ்காரர், அந்தச் சிவப்பு விளக்கு, எல்லாம் சேர்ந்து.

"கைய எடு!" என்று கத்தினேன்.

ஏன் 'கை' என்றேன்? இன்றுவரை தெரியாது.

டிக்.

விளக்கு அணைந்தது. மோட்டார் ஓடியது. மணி 2:58.

மறுநாளும் அதேதான். மதியம் விளக்கு எரியும். நான் கத்துவேன். அணையும். இருபத்தைந்து வருடமாக யாரிடமும் கத்தாதவள், ஒரு ஐஸ் மேக்கரிடம் தினமும் கத்தினேன். உண்மையைச் சொன்னால், அது எனக்குப் பிடித்தும் இருந்தது.

"வெக்கமா இல்ல? வாய் புண்ணான மனுசிக்கு வர்றத மறிக்கிறியே!"

14ஆம் தேதி 2:45. ஒன்பது விரல். எட்டுத் துண்டு விழுந்தது. அடுத்த முறையும் எட்டு. என் முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம்...

கறுக்... கறுக்...

யாரோ ஐஸ் கடிக்கிறார்கள். அம்மாவால் கடிக்க முடியாது. அத்தை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். திரும்பினேன். யாரும் இல்லை. தரையில் ஈரம், ஒரு கை அகலத்துக்கு.

15ஆம் தேதி அம்மாவுக்கு ஐஸ் எடுத்துப் போனேன். அம்மா என் தோளைத் தாண்டிப் பார்த்தார். நோட்டை இழுத்து எழுதினார்.

'பின்னாடி நிக்குதே பொண்ணு. அதுக்கும் ஒண்ணு குடு.'

வலி மாத்திரையின் மயக்கம் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் என் பிடரியில் குளிர் பட்டது. சமையலறைக்கு வந்து, காலியான இடத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"உனக்கு ஒண்ணும் கெடையாது. போ."

17ஆம் தேதி, திங்கட்கிழமை. மருந்து வாங்கப் போயிருந்தேன். கூட்டம். திரும்பும்போது மணி 3:05. அம்மாவின் உதடு வெடித்து ரத்தம் கசிந்திருந்தது. கஞ்சி அப்படியே இருந்தது. சமையலறையில் இயந்திரத்தின் பிளக் தரையில் கிடந்தது.

"காலையிலயே புடுங்கிட்டேன்" என்றார் அத்தை. "ஐஸெல்லாம் சிங்க்ல கொட்டியாச்சு. ராத்திரி பூரா உங்கம்மா இருமுனா, கேட்டியா நீ?"

நான் அவரை முறைத்தேன்.

"மொறைக்காத. இந்தக் கூடையையும் கழட்டி பரண்ல போட்டுர்றேன். அப்ப என்னா பண்ணுவ?"

மூடியைத் திறந்து உள்ளே கையை விட்டார்.

கை வெளியே வரவில்லை.

"லினெட்..." என்று என்னைக் கூப்பிட்டார்.

"என்ன?"

"யாரோ கைய புடிச்சிக்கினு இருக்காங்க..."

எட்டிப் பார்த்தேன். உள்ளே அத்தையின் கை மட்டும். காலிக் கூடை.

பிளக் தரையில்.

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அத்தை இழுத்தார். இயந்திரம் மேடைமேல் நகர்ந்தது. கரக்... கரக்... மணி 3:11.

நான் ஓடிப்போய்ப் பிடிக்கவில்லை. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். நின்று பார்த்தேன். 'நல்லா புடி' என்று மனதுக்குள் சொன்னேன்.

பிடி இறுகியது.

"மாதாவே..." அத்தையின் முகம் வெளுத்தது.

மேடையில் சாய்ந்தார்.

எனக்குப் பயம் வந்தது... அப்போதுதான்.

"விடு" என்றேன். கத்தவில்லை. "போதும். விட்டுடு."

விளக்கு அணைந்தது.

3:12.

அத்தையின் மணிக்கட்டில் ஐந்து தடம். வெள்ளையாக. கொஞ்ச நேரத்தில் சிவந்து, கொப்புளமாயின. ஐஸ் கட்டியை ஒரு நிமிடம் கையில் வைத்திருந்தால் தோல் அப்படி ஆகாது. அதற்கு எவ்வளவு குளிர் வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்த இயந்திரத்தால் அது முடியாது. ஓடினாலும் முடியாது.

அன்று மாலையே அத்தை ஊருக்குக் கிளம்பிவிட்டார். அதன்பிறகு காலிக் கூடையில் அந்த விளக்கு எரியவில்லை. ஒன்பது விரல், ஒன்பது துண்டு. அம்மாவுக்கு டியூப் வைக்கவில்லை. சிகிச்சை முடிந்தது.

ஏப்ரல் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கலைச்செல்வன் அம்மாவைப் பார்க்க வந்தார். தண்ணீர் கொடுக்கப் போனேன். சமையலறை வாசலில் நின்று இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓடுதாம்மா?"

"ஓடுது."

"எங்க வீட்ல ஒரு நாளுகூட ஓடல. தண்ணியே ஊத்தல."

அவருடைய தங்கை அபி. இருபத்திரண்டு வயது. அவளுக்கும் வாயில்தான். கூடப் படித்த பெண்கள் சேர்ந்து இதை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுப் பெரியவர்கள் தொடவிடவில்லை. சளி பிடிக்கும் என்றார்களாம்.

"கண்ணெதிர்ல இருந்தா கேட்டுக்கினே இருப்பா. அதான் நெல்சன்கிட்ட குடுத்துட்டேன்."

எனக்குப் புரியவில்லை. "அப்ப... அவங்க..."

"இருந்தா. உயிரோடதான் இருந்தா. மார்ச் பதினேழுதான் போனா."

அவர்கள் வீடு முதலியார்பேட்டையில். இங்கிருந்து மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. ஸ்கூட்டரில் பத்து நிமிடம். அந்த ஆறு நாளும் என் கூடையில் ஐஸ் இருந்தது.

அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார். குடிக்கவில்லை.

"கடைசி ஒரு வாரம், மத்தியானமானா கண்ணு செருகிக்கும். கூப்ட்டா திரும்ப மாட்டா. சாயந்தரம் முழிச்சிக்கினு அழுவா. ஒரு அக்கா திட்டுதுன்னு சொல்லுவா. எங்க வீட்ல அவளுக்கு அக்காவே கெடையாது."

எனக்கு அவரை அறைய வேண்டும்போல இருந்தது. என்னையும்.

"கடைசி நாளு வலது கைய மூடி எதையோ இறுக்கிப் புடிச்சிருந்தா. நாங்க நாலு பேரு பிரிச்சுப் பாத்தோம். முடியல. அப்பறம் அவளே கைய விட்டுட்டா. 'சரிக்கா'ன்னா. அவ்ளோதான்."

"மணி எத்தனை?" என்று கேட்டேன்.

"மூணு பன்னெண்டு."