குறை சொல்லத் தெரியாத ஊர்

சாரூனுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. சோறு தின்னும்போதும் ஒரு கால் வீட்டில் இருக்கும், மற்றொன்று படகில் இருக்கும். தோன்லே சாப் ஏரியில் மிதக்கும் வீடுகளில் வாழ்கிற நாங்கள் எல்லோரும் ஆடுகிறவர்கள்தான். ஆனால் தண்ணீர் அசைந்தால்தான் நாங்கள் அசைவோம். இவள் தண்ணீர் சும்மா கிடந்தாலும் அசைவாள். பக்கத்து வீட்டுக்காரி என்பதால் எனக்குத்தான் தலைவலி.

ஊருக்குச் சுகாதாரத் தொண்டர் அவள். சம்பளம் கிடையாது, வருஷத்துக்கு ஒரு தொப்பி கொடுப்பார்கள். கர்ப்பிணிகளைக் கரையிலுள்ள சுகாதார நிலையத்துக்குப் பிரசவத்துக்கு அனுப்புவது அவள் வேலை. அவள் கரடியாய்க் கத்தியும் யாரும் போகவில்லை. பிறகுதான் பிலிப்பைன்ஸிலிருந்து மாரிவிக் என்ற நர்ஸ் வந்தாள். அவளும் தொண்டர்தான், ஆனால் கடல் தாண்டி வந்த தொண்டர். எங்கள் மொழியைக் கடித்துக் கடித்துப் பேசுவாள், புளிக்க வைத்த மீன் விழுதான எங்கள் பிரஹோக்கைக் கண்டால் மூக்கைப் பிடித்துக்கொள்வாள், ஆனாலும் தின்பாள். வலி வந்த பெண்ணின் கையைப் பிடித்துக் கரையேற்றி நிலையத்துக்குள் அழைத்துப் போவாள். பெண்கள் போகத் தொடங்கினார்கள்.

அவளுடைய பணிக்காலம் முடியப்போகிற நேரத்தில்தான் என் மகள் ரச்சனா தலைச்சனைச் சுமந்திருந்தாள். மாரிவிக்குக்குப் பதில் இன்னொருவர் வருவாரா மாட்டாரா என்பதே எனக்குப் பெரிய கவலையாகிவிட்டது. அவளை அனுப்பிய நிறுவனம், தன் தொண்டர்களால் என்ன பலன் என்று பார்க்க ஆட்களை அனுப்புகிறதாம், அதை வைத்துத்தான் முடிவாம்.

இதைக் கேட்ட நாளிலிருந்து சாரூன் படகை விட்டு இறங்கவில்லை. வீடு வீடாகப் போனாள்.

"வர்றவங்ககிட்ட நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்க. மூக்கால அழுது மானத்தை வாங்கிடாதீங்க."

அதை எங்களுக்குச் சொல்லித் தரவே வேண்டாம். விருந்தாளியிடம் குறை சொல்வது எங்களுக்குப் பழக்கமில்லை. வீடு பற்றி எரிந்தாலும் "சாப்பிட்டீங்களா" என்றுதான் கேட்போம். ஆனாலும் அவள் சினாத்தின் வீட்டுக்குத் தனியாகப் போனாள். அவன் மனைவி பிசேய் போன மழைக்காலத்தில் பிரசவத்தில் இறந்துபோனாள். குழந்தை பிழைத்தது.

"அந்தப் பேச்சை எடுக்காத தம்பி."

"விருந்தாளி முன்னாடி அழுவேனாக்கா?" என்றான் சினாத்.

வந்தவர்கள் இருவர். ஆனிக்கா என்ற வெள்ளைக்காரம்மா, மொழிபெயர்க்கத் தலைநகர் புனோம் பென்னிலிருந்து விச்செட் என்ற இளைஞன். அவர்களிடம் இருந்த வரைபடம் கோடையில் போட்டது. வெள்ளம் ஏறியதும் நாங்கள் வீடுகளை இழுத்துக்கொண்டு மரங்களின் பக்கம் ஒதுங்கியிருந்தோம். ஊரைக் காணோம் என்று நடு ஏரியில் முழித்தவர்களைச் சாரூன்தான் தேடிப் பிடித்துக் கூட்டிவந்தாள்.

ஊர்த் தலைவர் வீட்டில் பாய் விரித்து, மீன் குழம்பு வைத்துக் கூட்டம் நடந்தது. மாரிவிக் இருந்தால் நாங்கள் மனம்விட்டுப் பேசமாட்டோம் என்று அவளை வெளியே அனுப்பிவிட்டார்கள். அவள் இல்லாவிட்டால் மட்டும் நாங்கள் மனம்விட்டுப் பேசிவிடுவோமாக்கும்.

நிலையத்தில் நன்றாகக் கவனிக்கிறார்களா என்றார் ஆனிக்கா. நன்றாகக் கவனிக்கிறார்கள் என்றோம். பயம் உண்டா என்றார். எதற்குப் பயம் என்றோம். மாரிவிக் இல்லாவிட்டாலும் போவீர்களா என்று கேட்டபோது, "ஏன் போகாம? எங்களுக்கு வழி தெரியாதா?" என்று முந்திக்கொண்டு சொன்னது வேறு யாருமில்லை, நான்தான். குழந்தையை மடியில் வைத்திருந்த சினாத்தும், "எல்லாம் நல்லாயிருக்குங்க" என்றான்.

ஆனிக்காவின் முகம் மலர்ந்தது. விச்செட் சிரித்துக்கொண்டே சொன்னான்.

"மேடத்துக்கு ரொம்ப சந்தோஷம். எங்க போனாலும் இன்னும் ஆள் அனுப்புங்கன்னுதான் கேப்பாங்களாம். நீங்கதான் சொந்தக் கால்ல நிக்கிறீங்களாம். இனி இங்க ஆள் தேவைப்படாது, மலைப்பக்கம் ஒரு ஊருக்கு அனுப்பப் போறாங்க."

தலைவரோ புன்னகை மாறாமல், "ரொம்ப நல்லது, ரொம்ப நல்லது" என்றார். அந்த மனுஷனைத் தூக்கித் தண்ணீரில் போடலாம் போலிருந்தது.

சாரூன் எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள்.

"நாங்க சொன்னதெல்லாம் பொய்" என்றாள்.

"சாரூன், சோறு ஆறுது" என்றார் தலைவர்.

"ஆறட்டும் மாமா. சினாத்து, நீ சொல்லு. உன்னை வாயை மூடச் சொன்ன நானே கேக்கறேன், சொல்லு."

அவன் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தான். பிறகு பாயைப் பார்த்துப் பேசினான். "பிசேய்க்கு வலி வந்தப்போ மாரிவிக் நகரத்துக்குப் போயிருந்தாங்க. சாரூன் அக்கா படகோட வந்து கூப்பிட்டாங்க. மாரிவிக் வரட்டும், அவங்க இல்லாம நான் வரமாட்டேன்னுட்டா. விடியறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு."

ஆனிக்கா ஏதோ கேட்டார். விச்செட் தயங்கினான். "இவங்களும் பயிற்சி எடுத்தவங்கதானே, இவங்களோட ஏன் போகலன்னு கேக்கறாங்க."

அந்தக் கேள்விக்குச் சாரூன் அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"நான் கூட்டிட்டுப் போனா நிலையத்துல, படகுக்காரிங்க வந்துட்டாளுங்க, மீன் நாத்தம் குடலைப் புரட்டுது, வெளிய நில்லுங்கடின்னு சொல்வாங்க. மாரிவிக் கூட வந்தா நாற்காலி போடுவாங்க. அவ சொல்லிக்குடுத்த பாடமெல்லாம் எனக்கு மனப்பாடம். தெரிஞ்சு என்ன பண்ண? வெளியூர்க்காரி பாத்துட்டிருக்காளேன்னு அவங்களுக்கு ஒரு வெக்கம். அந்த வெக்கம் எங்களுக்கு வேணும். அதுக்குத்தான் ஆள் கேக்கறோம்."

விச்செட் இதை மொழிபெயர்க்க நேரம் எடுத்துக்கொண்டான். ஆனிக்கா, மாரிவிக்கை இதற்காக அனுப்பவில்லையே என்றார். பிறகு, சொன்னதை அப்படியே எழுதுகிறேன், முடிவு என் கையில் இல்லை என்றார். அவர் நல்ல மனுஷி, எழுதியும் இருப்பார். ஆனால் மேலிடத்திலிருந்து வந்தது நன்றி மட்டும்தான்.

மாரிவிக் எல்லோரையும் கட்டிப்பிடித்து அழுதுவிட்டுப் போனாள். சாரூன் நின்று வழியனுப்பக்கூட இல்லை. அவிழாத கயிற்றை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். இவ்வளவு பழகியவளுக்குக் கையாட்டக்கூட மனம் வரவில்லையா என்று எனக்கு ஆத்திரம். பக்கத்தில் போய்ப் பார்த்தபோதுதான் அவள் ஒரே முடிச்சை மறுபடி மறுபடி போட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது.

வெள்ளம் வடியத் தொடங்கியபோது ரச்சனாவுக்கு வலி வந்தது. "நான் போகமாட்டேம்மா, வீட்டிலேயே பெத்துக்கறேன்" என்று தூணைக் கட்டிக்கொண்டாள். பிசேய் ஞாபகம் வந்து நானும் தூணோரம் உட்கார்ந்துவிட்டேன். சாரூன்தான் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"திட்டினா என்னைத் திட்டட்டும். ஏறுடி படகில."

நிலையத்தில் மேசைக்குப் பின்னால் இருந்த நர்ஸ் எங்களைப் பார்த்ததும் மூக்கைச் சுளித்தாள். "வந்துட்டீங்களா? அங்கயே நில்லுங்க, இப்பதான் தரையைத் துடைச்சிருக்கு."

ரச்சனா திரும்பிவிடப் பார்த்தாள். நான் அவள் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"மாரிவிக் படகைக் கட்டிட்டிருக்கா. இப்ப வந்துருவா" என்றாள் சாரூன், சாவதானமாக.

நர்ஸ் எழுந்து ஜன்னல் வழியே கரையை எட்டிப் பார்த்தாள். கரையில் படகுகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. "அவங்க ஊருக்குப் போயிட்டாங்கன்னு சொன்னாங்களே?"

"போனா. திரும்பி வந்துட்டா. எங்களை விட்டு இருக்க முடியலையாம்."

நாற்காலி வந்தது. ரச்சனாவை உள்ளே படுக்க வைத்தார்கள். மாரிவிக்கை இன்னும் காணோமே என்று நர்ஸ் இருமுறை வந்து கேட்டாள். வெயில் ஒத்துக்கொள்ளவில்லையாம், படகிலேயே இருக்கிறாளாம் என்று சாரூன் சொன்னாள். சொல்லும்போது அவள் இரண்டு கால்களும் தரையில் அசையாமல் இருந்ததை முதல்முறையாகப் பார்த்தேன்.

பெண் குழந்தை பிறந்தது. அதற்குப் பிறகு எங்கள் ஊரிலிருந்து யார் பிரசவத்துக்குப் போனாலும் இதே கதைதான். வெயில் இல்லாத நாளில் தலைவலி, மழை நாளில் காய்ச்சல். அந்த நர்ஸுக்கு விஷயம் தெரியாமலா இருக்கும் என்று சில சமயம் எனக்குத் தோன்றும். ஆனாலும் அவள் ஒருமுறை ஜன்னலைப் பார்ப்பாள், நாற்காலியை எடுத்துப் போடுவாள்.

என் பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள். மாரிவிக் இன்னும் படகில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.